எதிர்பாராத செலவுக்குப் பத்து பவுண்டு

தெற்கு எகிப்தில் மின்யா நகரத்துக் கல்வி அலுவலகப் பண்டகசாலையில் லுத்ஃபி எழுத்தராக இருந்தார். அந்த வட்டாரப் பள்ளிக்கூடங்களுக்குச் சாக்பீஸ், துடைப்பம், பூட்டு எது வேண்டுமானாலும் அவர் கையால்தான் போக வேண்டும். சாக்பீஸ் கேட்டு வரும் தலைமையாசிரியரிடம், "போன மாசம் வாங்கிட்டுப் போனத என்ன, பிள்ளைங்க தின்னுட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பார். அரசாங்கச் சாக்பீஸுக்கே இத்தனை கறார் என்றால் சொந்தக் காசுக்கு எப்படி இருப்பாரோ என்று ஊரில் பேசிக்கொள்வார்கள்.

அதில் பாதிதான் உண்மை. செலவு செய்ய லுத்ஃபிக்கு மனமில்லாமல் இல்லை. தன்னைப் போலச் சிக்கனமாகச் செலவு செய்ய இந்த நைல் கரையிலேயே ஆள் கிடையாது என்று ஒரு நினைப்பு, அவ்வளவுதான். அந்த நினைப்பு எவ்வளவு செலவு வைத்தது என்பதை, அலெக்சாந்திரியாவுக்குப் போய்வந்த பிறகு, காப்பிக் கடையில் அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அடுத்தவர் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது மலிவு என்பது அவர் கட்சி.

அலெக்சாந்திரியாவுக்குப் போக வேண்டிய கட்டாயம் மைத்துனன் ஷவ்கியால் வந்தது. ஷவ்கி டயர் வியாபாரி. ஒவ்வொரு கோடையிலும் பெண்டாட்டி பிள்ளைகளோடு கடலுக்குப் போய், மூக்குத் தோல் உரிந்து, ஒரு பை கிளிஞ்சலோடு திரும்புவான். அந்த வருஷமும் அக்காள் வீட்டுக்கு வந்து கிளிஞ்சல்களை மேஜைமேல் கொட்டினான்.

"கடல் தண்ணில உடம்பு எப்படி மிதக்குது தெரியுமாக்கா? படுக்கை மாதிரி!"

லுத்ஃபியின் மனைவி இன்ஸாஃப் ஒரு கிளிஞ்சலை எடுத்து முகர்ந்து பார்த்தாள். "நான் டிவில பாத்ததோட சரி" என்றாள். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதுதான் லுத்ஃபிக்குச் சுருக்கென்றது.

"மச்சானுக்கு என்ன, காசெல்லாம் கிடங்குல பூட்டி வெச்சிருக்கார்" என்று ஷவ்கி கண்ணடித்தான்.

"டேய், நீ பத்து நாளைக்குக் கொட்டிட்டு வர்ற பணத்துல நான் ஒரு மாசம் இருந்துட்டு வருவேன். பணம் பெரிசில்ல, கணக்குதான் பெரிசு" என்றார் லுத்ஃபி. "இந்த ஜூலைல போறோம். அஞ்சு நாள். உங்கக்கா காலைக் கடல்ல நனைச்சுக் கூட்டிட்டு வர்றேனா இல்லையா பாரு!"

தெருப் பெண்கள் சேர்ந்து போடும் சீட்டில் ஜூலை மாத முறை இன்ஸாஃபுக்கு. நானூறு பவுண்டு வரும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே லுத்ஃபி ரொட்டித் துண்டுகளை வரிசையாக வைத்துப் பணத்தைப் பங்கு போட்டார். பெரிய துண்டு வீட்டு வாடகை. அடுத்தது ரயில். சாப்பாட்டுக்குச் சின்னத் துண்டு போதும், ஏனென்றால் சாப்பாட்டை இங்கிருந்தே கொண்டு போய்விடலாம். கடற்கரைக்கு ஒன்று. மிச்சமாகும் எழுபத்தைந்து பவுண்டைத் திரும்பக் கொண்டுவந்து ஷவ்கியின் மூக்குக்கு நேரே ஆட்ட வேண்டும். கடைசியாக ஒரு பொறுக்கு.

"இது என்னப்பா?" என்று கேட்டாள் மகள் ரீஹாம். பள்ளி இறுதிப் பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தவள், தாயின் மௌனத்துக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

"எதிர்பாராத செலவு. பத்து பவுண்டு."

"பத்துன்னு எதிர்பார்த்துட்டீங்கன்னா அப்புறம் அது எப்படிப்பா எதிர்பாராத செலவு?"

லுத்ஃபி அந்தப் பொறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஜூலை வரைக்கும் வீட்டில் சிக்கனம் கொடிகட்டிப் பறந்தது. வெள்ளிக்கிழமைக் கறி நின்றது. லுத்ஃபி சிகரெட்டை விட்டார். அதாவது வாங்குவதை விட்டார். பக்கத்து மேஜைக்காரரிடமிருந்து பிடித்தார். அந்த மனிதர் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள், "லுத்ஃபி, நீ கடலுக்குப் போறதுக்கு நான் சீட்டு கட்டறேன் போலிருக்கே" என்றார். அன்று மானத்தை நினைத்து அவருக்குப் பத்துப் பாக்கெட் வாங்கிக் கொடுத்ததில் இரண்டு மாத மிச்சம் புகையாகப் போனது.

புறப்படும் நாள் வந்தது. இன்ஸாஃப் இரண்டு வாத்துகளைக் கோதுமை நொய் அடைத்துப் பொரித்து எடுத்துக்கொண்டாள். வெயிலில் புளிக்கவைத்துச் சுட்ட ரொட்டி ஒரு கூடை, அவித்த முட்டை, பழைய பாலாடைக்கட்டி, நெய் டப்பா, அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாதே என்று போர்ட்டரை வேண்டாமென்று சொல்லி எல்லாவற்றையும் லுத்ஃபியே தூக்கினார். இடுப்பு அங்கேயே ஒருமுறை 'களுக்' என்றது.

மூன்றாம் வகுப்புப் பெட்டியில் எதிர் இருக்கையில் நான்கு பட்டாளத்துப் பையன்கள். அலெக்சாந்திரியாப் பக்கத்து முகாமுக்குப் போகிறவர்கள். பசித்த வயசு, பசித்த முகம். பெனீ சுவைஃப் நிலையம் தாண்டியதும் லுத்ஃபிக்கு ஒரு முட்டை சாப்பிடலாம் என்று தோன்றியது. இன்ஸாஃப் துணியை அவிழ்த்ததுதான் தாமதம், வாத்து வாசனை பெட்டி முழுக்க எழுந்தது.

எதிரே ஆள் இருக்கும்போது சாப்பாட்டைப் பிரித்தால் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் எதிராளி நெஞ்சில் கை வைத்து, "உங்க மனசே போதும்" என்று மறுக்க வேண்டும். இதுதான் காலங்காலமாக நடப்பது. லுத்ஃபியும் அந்த நம்பிக்கையில், "வாங்க தம்பிங்களா, சாப்பிடலாம்" என்றார்.

"இருக்கட்டும் ஐயா" என்றான் ஒருவன். எல்லாம் முறைப்படி நடந்தது.

அங்கே விட்டிருக்கலாம். ஆனால் ஒருமுறை மட்டும் கூப்பிட்டு நிறுத்துகிறவன் தெற்கு எகிப்துக்காரனே இல்லை, கஞ்சப் பயல் என்றாகிவிடும். பின்னால் யாரோ பார்ப்பதுபோல வேறு இருந்தது. லுத்ஃபி குரலை உயர்த்தினார்: "அட, எங்க வீட்டு வாத்து! நீங்க தொடலேன்னா நாங்களும் தொட மாட்டோம், ஆமா!"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஐயா இவ்வளவு சொல்றாரே" என்றபடி நால்வரும் பெஞ்சைவிட்டு எழுந்து வந்து உட்கார்ந்தார்கள்.

கெய்ரோ வருவதற்குள் இரண்டு வாத்தும் எலும்பாகிவிட்டன. முட்டையில் லுத்ஃபிக்கு ஒன்று கிடைத்தது. "அல்லா உங்க கையை இன்னும் விசாலமாக்கட்டும் ஐயா" என்று வாயைத் துடைத்துக்கொண்டே வாழ்த்தினான் ஒருவன்.

"கை விசாலமாத்தாண்டா இருக்கு. வாயைத்தான் குறுக்கச் சொல்லணும்" என்று முணுமுணுத்தார் லுத்ஃபி. இன்ஸாஃப் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது.

அலெக்சாந்திரியா நிலையத்தில் வீட்டுத் தரகன் ஒருவன் பிடித்துக்கொண்டு, பஹரி பேட்டையில் தஹானி என்ற விதவையின் மாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான். தரகு பத்து பவுண்டு. எதிர்பாராத செலவுக்கான தொகை, கடலைக் கண்ணால் பார்க்கும் முன்பே காலி.

தஹானி மீன்பிடிக் குடும்பத்துப் பெண். படகுக்குப் படகு பேசிப் பழகிய குரல். "கடல் பாத்த ரூமுக்கு நாள் ஒண்ணுக்கு நாப்பது. தெருப் பக்கத்து ரூமுக்கு இருபத்தஞ்சு. உஸ்தாத் எத எடுத்துக்கறீங்க?"

"தெருப் பக்கம்" என்றார் லுத்ஃபி. "கடலைக் கரையில போய்ப் பாத்தா காசா கேக்கப் போறான்?"

மறுநாள் காலையில் அறையை ஒட்டிய சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தபோது, எதிரெதிர் வீட்டுச் சுவர்களுக்கு நடுவே நீலமாக ஒரு விரல் அகலம் தெரிந்தது. கடல்! லுத்ஃபிக்குத் தலைகால் புரியவில்லை. படியிறங்கும்போது தஹானியைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை.

"ஏமாந்துட்டீங்க அம்மா! இருபத்தஞ்சு பவுண்டு ரூம்லயே எங்களுக்குக் கடல் தெரியுது!"

"அப்படியா!" தஹானி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். "பத்து வருஷமா வாடகைக்கு விடறேன், இது எனக்கே தெரியாதே. நல்ல வேளை சொன்னீங்க உஸ்தாத். அப்போ நாள் ஒண்ணுக்கு அஞ்சு பவுண்டு கூட்டிக்குவோம்."

"அது விரல் அகலம்தான் இருக்கு..."

"அதனாலதான் அஞ்சு. கை அகலம் இருந்தா இருபத்தஞ்சு கேட்டிருப்பேன்."

ரீஹாம் தெருமுனை வரை சிரித்துக்கொண்டே வந்தாள். லுத்ஃபிக்குத் தன் வாயை அந்த ஜன்னல் கதவோடு சேர்த்துச் சாத்திவிடலாம் போலிருந்தது.

கடற்கரையில் குடைக்கும் நாற்காலிக்கும் வாடகை கேட்டார்கள். அதற்கும் லுத்ஃபி முன்யோசனை வைத்திருந்தார். படுக்கை விரிப்பையும் இரண்டு துடைப்பக் கழிகளையும் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். கழிகளை மணலில் நட்டு விரிப்பைக் கட்டி, நிழலில் கால் நீட்டி, "பாத்தியா? மூளை இருக்கறவனுக்குக் குடை எதுக்கு?" என்று முடிப்பதற்குள் கடல்காற்று ஒரு வீச்சு வீசியது. விரிப்பு கழியோடு பிடுங்கிக்கொண்டு போய், தேநீர் விற்றுக்கொண்டு வந்தவனின் தட்டைச் சுற்றிக்கொண்டது. அத்தனை கண்ணாடித் தம்ளரும் சிதறின. தம்ளர்களுக்குக் கொடுத்த பணத்தில் ஐந்து நாளும் குடை போட்டு அதன் கீழே தேநீரும் குடித்திருக்கலாம்.

இத்தனைக்கும் நடுவே இன்ஸாஃப் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் கரையில் நின்று கணுக்காலை நனைத்தாள். இரண்டாம் நாள் முழங்கால். மூன்றாம் நாள் கறுப்பு அங்கியோடு ரீஹாமின் கையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீருக்குப் போய்விட்டாள். ஓர் அலை வந்து தூக்கி இறக்கியது. அப்போது அவள் சிரித்த சிரிப்பு கரை வரைக்கும் கேட்டது. முக்காட்டு நுனியைக் கடித்துக்கொண்டு சிரிக்கிற இன்ஸாஃபைத்தான் லுத்ஃபிக்கு இத்தனை வருஷமாகத் தெரியும். வாய்விட்டுச் சிரிக்கும் இந்தப் பொம்பளை யார் என்று ஒரு கணம் அவருக்கே சந்தேகமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் சட்டைப்பையைத் துழாவினால் ஊருக்குத் திரும்பும் ரயிலுக்கு மட்டும்தான் பணம் இருந்தது. வாத்துகள் பட்டாளத்துக்குப் போனதால் காலையும் மதியமும் கடைச் சாப்பாடு. அது சீட்டுப் பணத்தை அரித்துவிட்டிருந்தது.

"இன்ஸாஃப், நாளைக்குக் கிளம்பறோம்" என்றார்.

"நான் வரல."

"என்னது?"

"நீங்க போங்க. நானும் பிள்ளையும் இருந்துட்டு வர்றோம்." அவள் அடுப்பில் முளுக்கியாக் கீரைக்கு நெய்யில் பூண்டும் கொத்தமல்லி விதையும் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எத வெச்சு இருப்பீங்க? கையில காசு?"

"காச நீங்க பாருங்க. நான் கடலப் பாக்கறேன்."

கல்யாணமான நாளாக 'சரி' என்ற ஒரு சொல்லிலேயே குடும்பம் நடத்தியவள். லுத்ஃபி கோபப்படலாமா என்று பார்த்தார். கோபப்படுவதற்கும் ஒரு தகுதி வேண்டுமே! கணக்குப் போட்டவர் அவர். வாத்தை வாரி விட்டவர் அவர். விரல் அகலக் கடலை விலைக்கு வாங்கியவரும் அவரே. மூலையில் போய் உட்கார்ந்தார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. தஹானி மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"இந்தத் தாளிப்பு வாசனை மூணு மாடிக்கும் வருதேம்மா! நீ எந்த ஊர்னு சொன்ன?"

"மின்யா."

தஹானி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வரும் வியாழக்கிழமை அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மின்யாவுக்கும் தெற்கே ஸோஹாகிலிருந்து வந்து துறைமுகத்தில் பிழைப்பவர்கள். நாற்பது பேர் வருவார்கள். "மீனுன்னா நான் நானூறு பேருக்குக்கூடச் சமைப்பேன். அவங்க வாத்து கேக்கறாங்க, வெயில் ரொட்டி கேக்கறாங்க. வாத்துன்னா தண்ணில மிதக்கும்ங்கற வரைக்கும்தான் எங்க ஆளுங்களுக்குத் தெரியும். சமையல்காரன் கேக்கற கூலிக்கு இன்னொரு பொண்ணையே கட்டிக் கொடுத்துடலாம். நீ செஞ்சு தர்றியா?"

கூலி எவ்வளவு கேட்கலாம் என்று லுத்ஃபி மனசுக்குள் கூட்ட ஆரம்பித்தார். தொண்டையைச் செருமினார். இன்ஸாஃப் கரண்டியை உயர்த்தி அவரை அப்படியே நிறுத்தினாள்.

"செஞ்சு தர்றேன்" என்றாள் தஹானியிடம். "ஆனா காலைல நான் கடல்ல இருப்பேன். வெயில் ஏறினதுக்கு அப்புறம்தான் அடுப்பு. அதுவரைக்கும் யாரும் கூப்பிடக் கூடாது."

"சரிம்மா."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தங்குவோம். வாடகை கிடையாது."

"சரி, அதுவும் சரி."

"கொடுத்த வாடகையையும் திருப்பித் தரணும்."

"கொடுத்ததையுமா! ஏம்மா, நீ சமைக்க வந்தியா, என் வீட்ட எழுதி வாங்க வந்தியா?"

"முழுசா வேணாம். அந்த விரல் அகலத்துக்கு வாங்கினதையாவது தாங்க. அது எங்க வீட்டுக்காரர் வாயால போனது. என் கையால திரும்பி வரட்டும்."

தஹானி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "உஸ்தாத், இத்தனை நாளா இவளைக் கிடங்குலயா பூட்டி வெச்சிருந்தீங்க? சரி, இவர் என்ன செய்வார்?"

"பூண்டு உரிப்பார்" என்றாள் இன்ஸாஃப்.

பூண்டோடு நிற்கவில்லை. பதினான்கு வாத்துகளின் இறகையும் லுத்ஃபிதான் பிடுங்கினார். மனைவியும் மகளும் கடலுக்குப் போன காலைகளில் அவர் தஹானியின் முற்றத்தில் வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் இறகு, மீசையில் இறகு. நிச்சயத்துக்கு வந்து இறங்கிய மாப்பிள்ளையின் மாமன், அவரைக் கூலியாள் என்று நினைத்து அரை பவுண்டு இனாம் கொடுத்துவிட்டுப் போனார். லுத்ஃபி யோசித்துப் பார்த்தார். இந்தப் பயணத்தில் அவர் சம்பாதித்தது அது ஒன்றுதான். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

விருந்து அமர்க்களமாக நடந்தது. அந்த மாமனே மூன்றாவது தடவை தட்டை நீட்டி, "இந்த வாத்தைச் சமைச்ச கை எங்க ஊர்ப் பக்கத்துக் கைதான்" என்று சத்தியம் செய்தார். தஹானி வாசல் மறைவில் நின்ற இன்ஸாஃபைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சபை நடுவில் நிறுத்தினாள். இன்ஸாஃப் தலை குனியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன்னால் லுத்ஃபியும் கடலுக்குப் போனார். இத்தனை செலவு செய்துவிட்டுக் கால் நனையாமல் போனால் ஷவ்கி கேட்கும்போது என்ன சொல்வது? கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார். இன்ஸாஃப் கழுத்தளவுத் தண்ணீரில் இருந்தாள்.

"வாங்க!" என்று கையாட்டினாள். "ஒண்ணும் பண்ணாது, வாங்க!"

"அவ்வளவு தூரம் போகாதே!" என்று கத்த லுத்ஃபி வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் ஓர் அலை முழுசாகப் புகுந்தது. கீழே விழுந்து, புரண்டு, இருமிக்கொண்டே எழுந்து நின்றபோது வாய் லேசாக இருந்தது. தடவிப் பார்த்தார். முன்வரிசையில் நான்கு பற்கள் கட்டுப் பற்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவணையில் கட்டியது. கடைசித் தவணை அடைந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. காணோம்.

"பல்லு! என் பல்லு!"

அலெக்சாந்திரியாக்காரர்கள் நல்லவர்கள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் குனிந்து தேடினார்கள். ரீஹாம் மூச்சைப் பிடித்து முங்கி முங்கிப் பார்த்தாள். ஒருவர் சீப்பைக் கொண்டுவந்தார். இன்னொருவர் ஒற்றைச் செருப்பை நீட்டினார். கடைசியில் ஒரு தடித்த மனிதர், "கிடைச்சுடுச்சு! கிடைச்சுடுச்சு!" என்று கூவிக்கொண்டே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். அவர் கையில் ஒரு பல் கட்டு இருந்தது. லுத்ஃபி ஆவலோடு வாங்கிப் பார்த்தார். ஆறு பல். வேறு யாருடையதோ.

"போட்டுப் பாருங்களேன்ப்பா, ரெண்டு லாபம்" என்றாள் ரீஹாம்.

முதலில் இன்ஸாஃப்தான் சிரித்தாள். அதே கடல் சிரிப்பு. லுத்ஃபி மணலில் உட்கார்ந்து, அந்த அந்நியப் பற்களைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை தானும் சிரித்தார்.

மின்யாவுக்குத் திரும்பிய மறுநாளே ஷவ்கி வந்தான். "என்ன மச்சான், எவ்வளவு ஆச்சு?"

"நாலு பல்லு" என்றார் லுத்ஃபி. காற்று புகுந்து 'பல்லு' என்பது 'ஃபல்லு' என்று வந்தது. ஷவ்கி விழுந்து விழுந்து சிரித்தான். லுத்ஃபி அத்தோடு விடவில்லை. பட்டாளம், ஜன்னல், தம்ளர், அரை பவுண்டு இனாம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி அவனை மூச்சுத் திணற வைத்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கக் காப்பிக் கடையில் அவருக்குத் தேநீர் இலவசம். கதை சொல்லச் சொல்லி யாராவது ஒருவர் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

பல் மருத்துவர் சொன்ன தொகை கிட்டத்தட்ட ஒரு சீட்டுப் பணம். அடுத்த வருஷ முறை நெருங்கியபோது, இரவுச் சாப்பாட்டில் இன்ஸாஃப் கேட்டாள்:

"சீட்டு வருதுங்க. பல்லா, கடலா? நீங்களே சொல்லுங்க. உங்க வாய், உங்க இஷ்டம்."

லுத்ஃபி தட்டிலிருந்த மொச்சை மசியலை ரொட்டியால் வழித்து எடுத்தார். மென்று விழுங்கினார்.

"மொச்சை திங்கப் பல்லு எதுக்கு?" என்றார். "இந்தத் தடவை பணத்த நீயே வெச்சுக்க. வாத்துக் கூடையை மட்டும் நான் தூக்கறேன். ரயில்ல யாராவது எதிர்ல உக்காந்தா என் வாயைப் பொத்திடு."

ரீஹாம் அதற்குள் துடைப்பக் கழிகளை ஒளித்து வைக்கப் போய்விட்டாள்.